அனுமதிப்பத்திரம் கேடயமாகாது: புத்தளம் கரையும் கம்பனிகளின் புதிய வழக்குகளும்

2025 ஜூலை 24ஆம் திகதி எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் வழக்கில் இலங்கை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கப்பலின் சொந்தக்காரர், அதை ஓட்டிய நிறுவனம், உள்ளூர் முகவர் ஆகியோர் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு கட்டவேண்டும் என்றது. பத்திரிகைகள் தொகையைத் தலைப்பில் போட்டன. கம்பனிகளின் சட்டப் பிரிவில் இருப்பவர்கள் தொகையை விட்டுவிட்டு, அந்த வழக்கு எந்த வாசலால் நுழைந்தது என்று பார்க்கவேண்டும். கப்பல் விபத்து என்றால் சொந்தக்காரரும் காப்புறுதிக்காரரும் சரக்குக்காரரும் கடல்சார் சட்டத்தின்படி மோதிக்கொள்வதுதான் வழக்கம். வாதாடும் சட்டத்தரணிகள் பெரும்பாலும் இலண்டனில் இருப்பார்கள், அல்லது சிங்கப்பூரில். இங்கே தாக்கலானதோ அடிப்படை உரிமை மனு. மனுதாரர்கள் சுற்றாடல் நீதிக்கான மையத்தினர், கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித், கடற்றொழிலாளர்கள். இவர்களில் ஒருவருக்கும் அந்தக் கம்பனியோடு ஓர் ஒப்பந்தமும் கிடையாது; அந்தக் கப்பலில் ஒரு பெட்டிச் சரக்கும் கிடையாது.

கம்பனிச் சட்டத்தரணிகளின் பயப் பட்டியலில் இப்படிப்பட்ட மனுதாரருக்கு நெடுங்காலம் இடம் இருக்கவில்லை. ஒப்பந்த மீறல், வரித் தகராறு, தொழில் நீதிமன்றம், இப்போது தனிப்பட்ட தரவுப் பாதுகாப்பு என்று அந்தப் பட்டியல் போகும். கரைவலை இழுப்பவர் அதில் வரமாட்டார். புத்தளம் மாவட்டத்தின் கரையை வைத்து இதை ஆராய்வதற்குக் காரணம் உண்டு. தெற்கே வென்னப்புவையில் தொடங்கி சிலாபம், உடப்பு, முந்தல், கற்பிட்டி என்று வில்பத்துவின் ஓரம்வரை நீளும் இந்தக் கரையிலும் அதை ஒட்டிய நிலத்திலும் மீன் வாடிகள், இறால் பண்ணைகள், உப்பளங்கள், நாட்டின் ஒரே நிலக்கரி அனல்மின் நிலையம், சீமெந்துத் தொழிற்சாலை, கொழும்பிலிருந்து வரும் குப்பை எல்லாம் ஒரே மாவட்டத்துக்குள் அடங்கிவிட்டன. யாருடைய தொழில் யாருடைய தண்ணீரில் போய் முடிகிறது என்ற கேள்வி இங்கே அன்றாடம் எழுவது.

முதலில் கப்பல். எக்ஸ்பிரஸ் பேர்ள் 2021 பெப்ரவரியில்தான் சேவைக்கு வந்தது, சிங்கப்பூர்க் கொடி, 1,486 கொள்கலன்கள். சரக்கில் 25 தொன் நைத்திரிக் அமிலமும் இருந்தது. அமிலக் கொள்கலன் ஒன்று கசிவது மே மாத நடுப்பகுதிக்கு முன்பே கப்பலில் தெரிந்துவிட்டது. கட்டாரின் ஹமாட் துறைமுகமும் குஜராத்தின் ஹசீரா துறைமுகமும் அதை இறக்கிவைக்க மறுத்தன. கொழும்புக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றபோது மே 20 அன்று தீப்பிடித்தது. ஜூன் 2 அன்று இழுத்துச்செல்லும் முயற்சியின்போது மூழ்கத் தொடங்கியது. ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டத்தின் கணக்கில் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டின. நீர்கொழும்புக்குத் தெற்கே சரக்குவக் கரையில் மணல் தெரியாத அளவுக்கு அவை குவிந்தன. சோளகக் காற்றும் நீரோட்டமும் அள்ளிச் சென்றவை புத்தளம் மாவட்டக் கரைகளிலும் ஒதுங்கின. ஆமைகளும் ஓங்கில்களும் செத்து ஒதுங்கின. பிடித்துவந்த மீனை வாங்க ஆள் இல்லாத நாட்களையும் மேற்குக் கரையின் கடற்றொழிலாளர்கள் பார்த்தார்கள்.

இழப்பு எவ்வளவு? இலங்கை அமைத்த நிபுணர் குழு 640 கோடி டொலர் என்று கணித்தது. காப்புறுதித் தரப்பிலிருந்து முதலில் வந்தது 36 இலட்சம் டொலர். இலண்டன் கடல்சார் நீதிமன்றம் கப்பல் சொந்தக்காரரின் பொறுப்புக்கு 1 கோடி 90 இலட்சம் பவுண் என்ற உச்சவரம்பை வைத்தது. கப்பலின் அளவைக் கொண்டு பொறுப்புக்கு வரம்பு கட்டும் சர்வதேச ஒழுங்கு அது. கப்பலோட்டம் முடங்கிவிடக்கூடாது என்பதற்காகப் பல நூற்றாண்டுகளாக வளர்ந்துவந்த ஏற்பாடு. ஆமைக்கும் கரைவலைக்கும் அதில் கணக்கு இல்லை. 2023இல் சட்டமா அதிபர் சிங்கப்பூரிலும் வழக்குத் தொடுத்தார். ஆக, ஒரே விபத்துக்கு இலண்டனில் ஒரு வழக்கு, சிங்கப்பூரில் இன்னொன்று, கொழும்பில் குற்றவியல் வழக்கு, கொழும்பிலேயே அடிப்படை உரிமை மனுக்கள். இவற்றில் கடைசியாகச் சொன்னதைக் கம்பனிகள் ஓர் அரசியல் சத்தம் என்று நினைத்திருந்தால் வியப்பில்லை. மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிய உத்தரவு அதிலிருந்துதான் வந்தது.

அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை, நிறைவேற்றுத்துறையோ நிர்வாகத்துறையோ அடிப்படை உரிமையை மீறினால் நேரடியாக உயர் நீதிமன்றத்துக்குப் போகும் வழியைத் தருகிறது. மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும். தனியார் கம்பனி அரசு அல்ல. எனவே அதன்மேல் இந்த மனு செல்லாது என்பது பாடப்புத்தக விடை. வழக்கறிஞர்கள் இதற்கு மாற்று வழி கண்டார்கள். மேற்பார்வை செய்யவேண்டிய அதிகார சபைதான் முதல் எதிர்மனுதாரர். அது தன் கடமையைச் செய்யாததால் சட்டத்தின் முன் சமத்துவம் என்ற உரிமை மீறப்பட்டது என்பது வாதம். கம்பனி பக்கத்து நாற்காலியில் இருக்கும். மீறல் நிரூபணமானதும், நீதியும் ஒப்புரவும் எதைக் கேட்கின்றனவோ அந்த நிவாரணத்தை வழங்கும் அதிகாரத்தை 126ஆம் உறுப்புரையின் 4ஆம் பிரிவு நீதிமன்றத்துக்குத் தருகிறது. அந்த நிவாரணத்தின் செலவைப் பக்கத்து நாற்காலிக்காரரும் ஏற்கலாம்.

இது 2025இல் திடீரென்று முளைத்ததல்ல. எப்பாவல பொஸ்பேற் வழக்கில் 2000 ஜூன் 2 அன்று நீதியரசர் ஏ.ஆர்.பி. அமரசிங்க எழுதிய தீர்ப்பில் இதன் வேர் இருக்கிறது. அமெரிக்காவின் பிரீபோர்ட் மக்மோரன் குழுமம் சம்பந்தப்பட்ட சுரங்கத் திட்டத்தை ஊர்மக்கள் எதிர்த்தார்கள். முறையான சுற்றாடல் தாக்க மதிப்பீடு இல்லாமல் திட்டம் நகரக்கூடாது என்றது நீதிமன்றம். இயற்கை வளங்களுக்கு அரசு காவலாளி மட்டுமே என்ற எண்ணமும் அந்தத் தீர்ப்பில் நிலைபெற்றது. அந்தத் திட்டம் அதன்பின் எழும்பவில்லை. ஆனால் அங்கே கம்பனி கையிலிருந்து காசு கொடுக்கவேண்டி வரவில்லை.

காசு கொடுக்க வைத்தது சுன்னாகம். மின் நிலையத்தின் எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்து கிணறுகள் கெட்ட கதை யாழ்ப்பாண வாசகருக்குப் புதிதல்ல. மத்திய சுற்றாடல் அதிகார சபையை எதிர்த்துத் தாக்கலான மனுவில் 2019 ஏப்ரல் 4 அன்று நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன தீர்ப்பளித்தார். மாசுபடுத்தியவரே விலை கொடுக்கவேண்டும் என்ற கோட்பாட்டின்படி நோர்தேர்ன் பவர் கம்பனி 2 கோடி ரூபாய் செலுத்தவேண்டும் என்று உத்தரவு. அனல்மின் கம்பனி ஒன்றுக்கு 2 கோடி பெரிய தொகையல்ல. ஆனால் அடிப்படை உரிமை வழக்கில் ஒரு தனியார் கம்பனியின் பணப்பெட்டிவரை கை நீளும் என்று அந்தத் தீர்ப்பு காட்டிவிட்டது. சுன்னாகத்தின் 2 கோடி ரூபாய்க்கும் எக்ஸ்பிரஸ் பேர்ளின் 100 கோடி டொலருக்கும் இடையே ஆறு ஆண்டுகள்தான். கொழும்பின் கம்பனிச் சட்டப் பிரிவுகள் சுன்னாகம் தீர்ப்பை வடக்கின் விவகாரம் என்று ஒதுக்காமல் படித்திருந்தால், 2025இல் அதிர்ச்சி குறைந்திருக்கும் என்பது என் எண்ணம்.

கம்பனிகள் தரப்பில் ஒரு நியாயமான முறைப்பாடு உண்டு. அடிப்படை உரிமை வழக்கு சத்தியக்கடதாசிகளின்மேல் நடப்பது. சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய இடமில்லை. முதலும் கடைசியுமாக ஒரே நீதிமன்றம், மேல்முறையீடு கிடையாது. 100 கோடி டொலர் கேள்வியை இப்படித் தீர்க்கலாமா என்று ஒரு சட்டத்தரணி கேட்டால் அதைக் கேலி செய்ய முடியாது. கப்பல் கம்பனி அந்த உத்தரவின்படி பணம் தரமுடியாது என்றது. அந்தக் கம்பனியான எக்ஸ்பிரஸ் பீடர்ஸின் தலைமை அதிகாரி ஷ்முவேல் யோஸ்கோவிட்ஸ் 2025 செப்டெம்பரில் ஏ.எஃப்.பி. செய்தி நிறுவனத்திடம், சிதைவை அகற்றவும் கரையைத் துப்புரவாக்கவும் கடற்றொழிலாளருக்கு ஈடு கொடுக்கவும் ஏற்கெனவே 17 கோடி டொலர் செலவழித்துவிட்டோம், இப்படி வரம்பில்லாமல் கட்டுவது கடல் வணிகத்துக்கே ஆபத்தான முன்னுதாரணம் என்ற பொருளில் பேசினார். முதல் தவணையான 25 கோடி டொலருக்கு நீதிமன்றம் வைத்த கெடு அதே மாதம் 23ஆம் திகதி.

வரம்பு வேண்டும் என்று கேட்பவர் தன் பக்கத்துக் கடமையைச் செய்திருக்கவேண்டும் என்பதே இதற்கு என் பதில். தீர்ப்பில் கம்பனித் தரப்பை மிகவும் சுட்ட இடம் தீ அல்ல, கசிவைப் பற்றிய மௌனம். கசிவு தெரிந்தது, இரண்டு துறைமுகங்கள் கையை விரித்தன, ஆனால் கொழும்புத் துறைமுக அதிகாரிகளுக்கு உரிய தகவல் உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. கப்பலுக்கும் முகவருக்கும் இடையே ஓடிய மின்னஞ்சல்கள் அந்த ஆரம்ப நாட்களிலேயே பொதுவெளிக்கு வந்துவிட்டன. சம்பவம் நடந்த முதல் 48 மணி நேரத்தில் யார் யாருக்கு என்ன எழுதினார் என்பதுதான் இன்றைய வழக்குகளின் முதுகெலும்பு. சட்டப் பிரிவை அந்த 48 மணி நேரத்தில் யாரும் கூப்பிடுவதில்லை. வழக்கு வந்தபின் கூப்பிடுகிறார்கள். அரசுத் தரப்பும் தப்பவில்லை: அப்போதைய இராஜாங்க அமைச்சரும் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபையின் தலைவரும் உரிமை மீறலுக்குப் பொறுப்பாளிகள் என்று நீதிமன்றம் கண்டது.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். கப்பல் சொந்தக்காரர் சிங்கப்பூரில் இருந்துகொண்டு கட்டமாட்டேன் என்று சொல்லலாம். உள்ளூர் முகவரின் அலுவலகம் கொழும்பில் இருக்கிறது. அதன் வங்கிக் கணக்கும் இங்கேதான். எட்டாத இடத்தில் இருப்பவர் மேல் விழும் தீர்ப்பு, எட்டும் இடத்தில் இருப்பவர் மேல்தான் முதலில் அழுத்தும். வெளிநாட்டுக் கம்பனிக்கு முகவராகவோ துணை ஒப்பந்தக்காரராகவோ இருக்கும் இலங்கைக் கம்பனிகள் தங்கள் ஒப்பந்தத்தில் இழப்பீட்டுப் பொறுப்பு யாருக்கு என்ற பிரிவை எடுத்து மறுபடி வாசிக்கவேண்டிய காலம் இது. பத்து ஆண்டுகளுக்கு முன் அதை எழுதியவர் 100 கோடி டொலரை மனதில் வைத்து எழுதியிருக்கமாட்டார்.

கேரளம் இதே சிக்கலை வேறு கையால் அவிழ்த்தது. 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியது. அதன் பிளாஸ்டிக் மணிகள் திருவனந்தபுரம், கன்னியாகுமரி கரைகளைத் தொட்டு, அடுத்த மாதம் மன்னார்க் கரையிலும் ஒதுங்கின. கேரள அரசு 9,531 கோடி இந்திய ரூபாய் கேட்டு அம்மாநில உயர் நீதிமன்றத்தில் கடல்சார் வழக்குப் போட்டது. அதே குழுமத்தின் இன்னொரு கப்பலான எம்.எஸ்.சி. அகிடேட்டா 2ஐத் துறைமுகத்தில் தடுத்துவைக்க உத்தரவும் பெற்றது. கோரிய தொகை முழுவதும் வேண்டாம், 1,227 கோடி ரூபாய்க்கு மேல் பிணை வை, பிறகு கப்பல் போகலாம் என்றது நீதிமன்றம். தொகை இலங்கையின் உத்தரவை விடச் சிறியது. ஆனால் பிடி கையில் இருந்தது. பெரிய தீர்ப்பா, சிறிய பிணையா என்று கேட்டால் கரையில் இருப்பவருக்கு எது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை: பிணைதான்.

கப்பல் ஓடிவிடும். பாலாவியில் நிற்கும் தொழிற்சாலை ஓடாது. ஆகவே புத்தளத்தின் நிலத்துக்கு வருவோம்.

பாலாவிச் சீமெந்துத் தொழிற்சாலை அரசின் சீமெந்துக் கூட்டுத்தாபனத்தின் கையில் பிறந்து, தனியார்மயமாகி, சுவிற்சர்லாந்தின் ஹோல்சிம் குழுமத்துக்குப் போய், 2016இல் தாய்லாந்தின் சியாம் சிட்டி சிமெண்ட் வாங்க, இன்று இன்சீ என்ற பெயரில் நிற்கிறது. அருவக்காட்டிலிருந்து சுண்ணக்கல் வருகிறது. நுரைச்சோலை லக்விஜய அனல்மின் நிலையத்தில் 300 மெகாவாட் இயந்திரங்கள் மூன்று. முதலாவது 2011இல் ஓடத் தொடங்கியது, மற்றவை 2014க்குள் சேர்ந்தன. சீன நிறுவனம் கட்டியது, சீன வங்கிக் கடன், கட்டியபோது உரிமை இலங்கை மின்சார சபைக்கு. நிலக்கரி பாதைக்கப்பல்களில் கரைக்கு வருகிறது. சோளகக் காலத்தில் கடல் கொந்தளிப்பதால் இறக்குமதி நின்றுவிடும், அதனால் மாதக்கணக்கான கரியைக் குவித்துவைக்கவேண்டும். காற்றில் பறக்கும் கரித்தூளும் சாம்பலும் சுற்றியுள்ள கிராமங்களின் பழைய முறைப்பாடு. அருவக்காட்டுப் பக்கம் கொழும்புக் குப்பை வருவது 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்ததன் விளைவு. புத்தளத்தில் நீண்ட போராட்டம் நடந்தும் 2019இல் குப்பை வந்துசேர்ந்தது.

இந்தச் சொத்துகள் கைமாறும்போது பழைய பாவமும் கூடவே கைமாறுகிறதா? சட்டப் பிரிவுகள் கேட்கத் தவறும் கேள்வி இதுதான். 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டமும் அடுத்த ஆண்டின் திருத்தமும் மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்கின்றன. நுரைச்சோலையைப் பொறுப்பேற்கும் கம்பனியின் பணிப்பாளர்கள், 2011 முதல் படிந்த சாம்பலுக்கும் பொறுப்பேற்கிறார்கள் என்ற எண்ணத்தோடுதான் கையெழுத்துப் போடவேண்டும். நிலக்கரிக் கொள்வனவிலும் வழக்கு உண்டு: கேள்விப்பத்திர முடிவை எதிர்த்து நோபல் ரிசோர்சஸ் என்ற சிங்கப்பூர்க் கம்பனி போட்ட அடிப்படை உரிமை மனுவில் 2016இல் உயர் நீதிமன்றம் கேள்விப்பத்திர நடைமுறையைக் கடுமையாகக் கண்டித்தது. தனியார் துறைக்குள் நடக்கும் இலஞ்சத்தையும் குற்றமாக்கும் 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்தபின் அப்படியொரு கண்டனம் குற்றவியல் விசாரணைக்கு முதற்படியாகலாம்.

பொறுப்பாளியே காணாமல் போய்விடும் கதைக்கும் இந்தக் கரையில் உதாரணம் இருக்கிறது. 80களிலும் 90களிலும் முந்தல் களப்பையும் ஒல்லாந்தர் வெட்டிய கால்வாயையும் ஒட்டி இறால் பண்ணைகள் பெருகின. எல்லாப் பண்ணையும் ஒரே நீரில் கழிவை விட்டு, அதே நீரை மறுபடி உள்ளே எடுத்தன. 1996இல் வெண்புள்ளி நோய் தொழிலைச் சாய்த்தது. பெரிய கம்பனிகள் மூட்டை கட்டின. பாழ்பட்ட குளங்களும் சின்னப் பண்ணைக்காரரும் மிஞ்சினார்கள். அந்த ஆண்டின் டிசம்பர் 11 அன்று, பாக்கு நீரிணைக்கு அக்கரையில், சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி குல்தீப் சிங், கடற்கரை ஒழுங்கு வலயத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்றவும் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு கொடுக்கவும் உத்தரவிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் வேலூர்த் தோல் தொழிற்சாலைகள் வழக்கிலும் அதே நீதிபதி மாசுபடுத்தியவரே விலை கொடுக்கும் கோட்பாட்டை நாட்டின் சட்டத்தில் ஓர் அங்கம் என்றார். புத்தளத்தில் 1996இல் அப்படியொரு மனு எழுந்திருந்தால், கேட்க எதிர்மனுதாரர்களாவது இருந்திருப்பார்கள். அக்கரையில் இறால் தீர்ப்பு முழுதாக நிறைவேறவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். பின்வந்த சட்டங்கள் தொழிலைக் காப்பாற்றிக்கொண்டன.

அடுத்த அபாயம் தாய்க் கம்பனியின் வீட்டு வாசலில் காத்திருக்கிறது. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலை நடத்திய வேதாந்தா குழுமத்தின்மேல் சாம்பியக் கிராமவாசிகள் இலண்டனில் வழக்குப் போட்டபோது, அதை அங்கேயே நடத்தலாம் என்று 2019 ஏப்ரலில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு அது எடுத்துக்கொண்ட ஆதாரங்களில் ஒன்று, குழுமமே பெருமையாக வெளியிட்ட நிலைபேற்றுத் தன்மை அறிக்கை. துணைக் கம்பனிகளின் சுற்றாடல் ஒழுங்கை நாங்களே மேற்பார்வை செய்கிறோம் என்று பளபளப்பான தாளில் அச்சடித்தவர்கள், நீதிமன்றத்தில் அது எங்கள் பொறுப்பல்ல என்று சொல்ல முடியாமல் போனது. விளம்பரப் பிரிவு எழுதும் ஆண்டறிக்கையைச் சட்டப் பிரிவு கடைசி நாளில் எழுத்துப்பிழை பார்க்க மட்டும் வாங்குவது நம் ஊர்க் கம்பனிகளில் இன்னும் உண்டு. பிரேசிலின் மரியானா அணை உடைவுக்கு, அணையை நேரடியாக நடத்தாத பி.எச்.பி. குழுமம் பொறுப்பு என்று 2025 நவம்பர் 14 அன்று இலண்டன் நீதிமன்றம் தீர்த்தது.

பாலாவியின் பழைய உரிமையாளருக்கு வந்த வழக்கு இதைவிட ஒரு படி மேலே. இந்தோனேசியாவின் பாரி தீவைச் சேர்ந்த நால்வர் 2023இல் ஹோல்சிம் குழுமத்தின்மேல் சுவிற்சர்லாந்தின் சுக் நகர நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். கடல் ஏறுவதால் எங்கள் தீவு மூழ்குகிறது. உலகத் தொழில்துறையின் கரியமில வாயுவில் உங்கள் பங்குக்கு ஏற்ற ஈட்டைக் கொடுங்கள், வெளியேற்றத்தையும் குறையுங்கள் என்பது கோரிக்கை. 2025 டிசம்பரில் நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்றது. ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.ஈ. மின் கம்பனிமேல் பெருநாட்டு விவசாயி போட்ட வழக்கை ஹம் நகர மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மே 28 அன்று தள்ளிவிட்டது. ஆனால் பெரிய மாசுக்காரர் எல்லை தாண்டியும் பொறுப்பாகலாம் என்ற கொள்கையை ஏற்றுக்கொண்டது. எக்ஸ்பிரஸ் பேர்ள் தீர்ப்புக்கு முந்தைய நாள், 2025 ஜூலை 23 அன்று, சர்வதேச நீதிமன்றம் தன் காலநிலை ஆலோசனைக் கருத்தில் தனியார் மாசுக்காரரை ஒழுங்குபடுத்துவதும் அரசின் கடமை என்றது. பாரி தீவுக்காரரும் கற்பிட்டித் தீவுக்காரரும் ஒரே கடல்மட்டத்தில்தான் வாழ்கிறார்கள்.

தீர்ப்பு வராமலே வழக்கு வேலை செய்வதும் உண்டு. மன்னார்க் காற்றாலைத் திட்டத்துக்கு எதிராக 2024இல் சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் போயின. 2025 பெப்ரவரியில் அதானி குழுமம் விலகிக்கொண்டது. மின் விலையை அரசு மறுபடி பேச விரும்பியதே விலகலுக்கு நேரடிக் காரணம் என்பதால், அதை மனுதாரர்களின் வெற்றி என்று மட்டும் எழுதுவது சரியாகாது. ஆனாலும் மனு நிலுவையில் இருந்த ஒவ்வொரு மாதமும் திட்டத்துக்குச் செலவு.

இனி ஆதாரம். இந்தக் கரையில் வழக்குகள் பலவீனப்படும் இடம் அதுதான். கரைவலைச் சம்மாட்டியிடம் வருமானப் பற்றுச்சீட்டு இருக்காது. பருவத்துக்கு வாடி போட்டு வருகிறவரின் பெயர் அந்த ஊர்ப் பதிவில் இருக்காது. கிணற்று நீர் பத்து ஆண்டுகளுக்கு முன் எப்படி இருந்தது என்ற அளவீடு ஊர்க்காரரிடம் கிடையாது. அந்த அளவீடுகள் இருக்குமிடம் கம்பனியின் கோப்பும், அது உரிமத்துக்காக அதிகார சபைக்கு அனுப்பிய அறிக்கையும். பெரும்பாலான கம்பனிகள் அந்தக் கோப்பை மறைத்துவைப்பதே பாதுகாப்பு என்று நினைக்கின்றன. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அந்த நினைப்பைக் காலாவதியாக்கிவிட்டது. அரசு அதிகார சபையின் கையிலுள்ள ஆவணம் கேட்பவருக்குக் கிடைக்கும்; அரசு உரிமத்தின்கீழ் பொதுச் சேவை செய்யும் தனியாரும் அந்த வேலையின் அளவுக்குச் சட்டத்துக்குள் வருகிறார்கள். ஆண்டுதோறும் நீர் அளவீட்டைத் தானே வெளியிடும் கம்பனி, வழக்கு வரும் நாளில் தன் பக்கத்துக்கு ஆதாரத்தைச் சேர்த்துவைத்திருக்கும். மறைத்தது பிறகு வெளியே வந்தால், எக்ஸ்பிரஸ் பேர்ளின் அமிலக் கசிவைப் போல, மறைத்ததே தனிக் குற்றச்சாட்டாகும்.

அனுமதிப்பத்திரத்தின் கதையும் அப்படித்தான். உரிமம் வைத்திருக்கிறோம், அரசு பார்த்துத் தந்தது என்பது கம்பனிகள் சொல்லும் முதல் வாதம். சுன்னாகத்துக்குப் பின் அந்தக் காகிதம் மனுதாரரின் முதல் ஆவணமாகிவிட்டது: நிபந்தனை என்ன, யார் கண்காணித்தார், எப்போது காலாவதியானது என்ற மூன்று கேள்விகளும் அதிலிருந்தே எழுகின்றன. புத்தளத்துக்கு இதில் ஒரு தனித்தன்மையும் உண்டு. வடமேல் மாகாணத்துக்கு 1990ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க நியதிச் சட்டத்தின்படி சொந்தமாக ஒரு சுற்றாடல் அதிகார சபை இருக்கிறது. கொழும்பின் சட்டத்தரணிகள் மத்திய சபையின் ஒழுங்குவிதிகளை மனப்பாடம் செய்துகொண்டு இங்கே வந்து தடுமாறுவது இதனால்தான்.

புத்தளம் கரையின் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கும் கிராம அமைப்புகளுக்கும் ஒன்று சொல்லலாம். வழக்கு வரும்வரை காத்திருக்கவேண்டாம். உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள தொழிற்சாலையின் சுற்றாடல் உரிமத்தின் பிரதியையும் கடைசி நீர்ப் பரிசோதனை அறிக்கையையும் கேட்டு, வடமேல் மாகாண சுற்றாடல் அதிகார சபையின் தகவல் அதிகாரிக்குத் தமிழிலேயே ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவேண்டியதில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் உங்களுக்கு அறிவிக்கவேண்டும்.